பிள்ளைக்கு வேறு சட்டி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்கள் மூன்று பெட்டிகளில் இரண்டுதான் வந்து சேர்ந்தன. வராத பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அலுவலர் கேட்டார். கொஞ்ச உடுப்பு, மற்றதெல்லாம் சாப்பாடு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட்டும் வாசனைச் சவர்க்காரக் கட்டியும் கொண்டுவருவார்கள். நான் நோர்வேயிலிருந்து சுமந்து வந்தது வெதுப்பகத்துப் பாணும் மாவும் நூடில்ஸும். எல்லாம் கோதுமை சேராதவை. எல்லாம் என் மகள் ஆரணிக்கு.

ஆரணிக்கு ஐந்து வயது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற பொருள் அவளுடைய குடலைப் புண்ணாக்கிவிடும். பாண் சாப்பிட வேண்டியதில்லை, பாண் வெட்டிய கத்தியால் வெட்டிய பழமே போதும். இந்த வருத்தத்துக்கு, இந்த நோய்க்கு, பெயர் கண்டுபிடிக்கும்வரை அவள் கைகால் மெலிந்து, வயிறு மட்டும் ஊதி, படத்தில் வரும் பஞ்சத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். மருந்து கிடையாது, சாப்பாட்டில் கவனம் மட்டும்தான். போன வருடத்திலிருந்துதான் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அந்தச் சதையைக் கொழும்பில் தொலைத்துவிட்டுத் திரும்பக் கூடாது. பயணம் முழுக்க எனக்கு இருந்த ஒரே யோசனை அதுதான்.

"அங்க சோறும் பருப்பும்தானே, என்ன பிரச்சினை?" என்று கணவர் வழியனுப்பும்போது சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆரணி மீன் தொடமாட்டாள், முட்டை மணம் பிடிக்காது. சோறு, பருப்பு, பயறு, கடலை இவ்வளவும் கிடைத்தால் மூன்று கிழமையை, இருபத்தொரு நாளையும் ஓட்டிவிடலாம். பருப்புக்குள் கோதுமை எங்கிருந்து வரப் போகிறது?

வந்த காரியம் தங்கை சுகந்தியின் எழுத்து. எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை ரமணன் கனடாவிலிருந்து வந்திருந்தார். போரினால் வெளிநாட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போக முடியாத காலம், அதனால் கல்யாணங்களெல்லாம் கொழும்பில் வெள்ளவத்தையில் நடந்தன. சுகந்தி திருகோணமலைக்குக் கப்பலில் வந்து அங்கிருந்து கொழும்பு வந்து சேர்ந்திருந்தாள். அப்பா அம்மாவுக்கு ஊரை விட்டு வர ஆமியின் பாஸ் கிடைக்கவில்லை. பெண் வீடு என்று சொல்ல நான் ஒருத்திதான்.

சுகந்தியும் ரமணனும் ஊரில் ஒரே ரியூட்டரியில் படித்தவர்கள். வீட்டில் சம்மதிக்க இரண்டு வருடம் எடுத்தது. ஏன் என்று அம்மா கடிதத்தில் எழுதவில்லை. எங்கள் ஆட்களுக்கு எழுதித் தெரிய வேண்டிய விஷயமில்லை அது. ரமணனின் ஆட்களை எங்கள் அப்பப்பா முற்றத்தோடு நிறுத்தியவர். அவர்கள் வந்தால் தண்ணீர் கொடுக்க எங்கள் வீட்டு வேலியில் வேறாக ஒரு தகரப் பேணி கவிழ்த்திருக்கும். அதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், பவளமக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தோம். யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரி. தனி ஆள். அறைகளை வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் கொடுப்பார். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும், ஆரணி ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் காலை பவளமக்கா எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு பொலிஸ் பதிவுக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் பின்னேரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

நான் நோயை விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைத்தேன். "கோதுமை மட்டும் கூடாது அக்கா. ஒரு பொட்டும் கூடாது."

"கோதுமையை ஆர் பிள்ளை இஞ்ச சமைக்கிறது? அது கொழும்புச் செட்டிமாரின்ட வீட்டில ரொட்டிக்குப் போடுவினம். நான் தோசை சுடுறன், பிள்ளை சாப்பிடட்டும்."

தோசை என்றால் உழுந்து. உழுந்தில் குளூட்டன் இல்லை. ஆரணி ஆசையோடு இரண்டு தோசை சாப்பிட்டாள். அடுத்த நாள் விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியோடு எழுந்தாள். கட்டிலில் சத்தி, குளியலறைக்குக் கொண்டுபோகும் வழியில் சத்தி, வைத்தியரிடம் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டில் சத்தி.

பவளமக்கா படிக்கட்டைக் கழுவிக்கொண்டே அழாக்குறையாகச் சொன்னார். "கோதுமை ஒரு துளி போடேல்லை பிள்ளை. என்ட கையால அரைச்ச உழுந்து. மாப்பதத்துக்குக் கொஞ்சம் அமெரிக்கன் மா போட்டனான், அவ்வளவுதான்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்கன் மா. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வா. எப்போதோ அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக் கோதுமை மாவுக்கு ஊரில் ஒட்டிக்கொண்ட பெயர். கோதுமை என்றால் பவளமக்காவுக்குப் பழுப்பு நிறத் தானியம். வெள்ளையாக, பொதியில் வருவது அமெரிக்கன் மா. இரண்டும் ஒன்றென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊர்த் தோசையில் அந்த மா சேர்ப்பார்கள் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த நான் எப்படி மறந்தேன்? நோர்வேயில் பொதியின் பின்பக்கத்தை வாசித்து வாசித்து, பின்பக்கம் இல்லாத சாப்பாட்டை எனக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

ஆரணி இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் கிடந்தாள். கன்னம் உடனே வற்றியது போல எனக்குத் தோன்றியது. சுகந்தி, "நீ பாக்கிற பார்வையிலதான் அவள் மெலியிறாள் அக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் பருப்புத் தேடப் போனோம். காலி வீதியில் பருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைகளுக்குள் போய்ப் பார்த்தேன். வாய் திறந்த சாக்குகள் வரிசையாக நிற்கின்றன. மா, பக்கத்தில் மைசூர்ப் பருப்பு, பக்கத்தில் ரவை, பக்கத்தில் கடலை. எல்லாவற்றையும் அள்ளி அளக்க ஒரே சுண்டு. மாவை அள்ளிய சுண்டு அப்படியே பருப்புக்குள் இறங்கி ஏறுகிறது.

மூடிய பொதியில் இருந்த பருப்பை வாங்கிவந்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். செம்மஞ்சள் பருப்புகளுக்கு நடுவில் நீளமாக, நடுவில் கோடு போட்டபடி ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கோதுமை மணி. தேடத் தேட இன்னும் வந்தது.

பொதியைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி, இது கனடாப் பருப்பு, முதல்தரம். அங்க கோதுமைக் காணியிலதான் பருப்பும் போடுவாங்கள். ரெண்டு மணி வரத்தான் செய்யும். காசு மேலதிகமா எடுக்கேல்லையே."

"மாப்பிள்ளையும் கனடா, பருப்பும் கனடா" என்றாள் சுகந்தி. "ரெண்டையும் நல்லாப் பொறுக்கித்தான் எடுக்க வேணும் போல."

சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. சாரமும் தொப்பியுமாக ஒரு முஸ்லிம் நானா இருந்தார். நான் அவருடைய பயற்றுச் சாக்குக்கு மேல் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தங்கச்சி தேடுறீங்க? மோதிரம் ஏதும் விழுந்திட்டா?"

"இல்லை நானா. கோதுமை."

"கோதுமை வேணுமெண்டா அந்தா மூட்டையா ஈக்கி. ஏன் பயறுக்குள்ள தேடுறீங்க?"

"இருக்கக் கூடாது எண்டுதான் தேடுறன்."

அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு கடைக்குள்ளிருந்து தைத்தபடியே இருந்த சாக்கு ஒன்றை இழுத்து வந்தார். அநுராதபுரப் பக்கத்து ஊர்ப் பயறு, இன்னும் வாய் திறக்கவில்லை என்றார். நூலை உருவிவிட்டுச் சுண்டை எடுத்தார். சுண்டின் விளிம்பு மா ஒட்டி வெள்ளையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாரத்தில் ஒருமுறை துடைத்தார். சாரமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"நான் கையால அள்ளட்டோ நானா?"

"அள்ளுங்க அள்ளுங்க. ஒங்கட கை, ஒங்கட பயறு. எனக்குத் தராசு பொய் சொல்லாட்டிச் சரி."

பயறும், இன்னொரு புதிய சாக்கிலிருந்து கடலையும் அள்ளினேன். அறைக்கு வந்து தரையில் செய்தித்தாள் விரித்தேன். உடைத்த பருப்பைவிட முழுப் பயறு நல்லது என்பது அப்போதுதான் பிடிபட்டது. பச்சைக்கு நடுவில் கோதுமை மணி ஒளிக்க முடியாது. கடலை இன்னும் சுலபம், அரிதட்டில் போட்டுக் குலுக்கினால் சின்ன மணியெல்லாம் கீழே விழுந்துவிடும். பொறுக்கி, பலமுறை கழுவி, புதிதாக வாங்கிய அலுமினியச் சட்டியில் பயறு அவித்தேன். தேங்காய்ப்பாலும் உப்பும் மட்டும். பெருங்காயத்தைக் கூடத் தொடவில்லை, அதற்குள்ளும் மா கலப்பார்கள் என்று எங்கோ வாசித்த ஞாபகம்.

ஆரணி சாப்பிட்டாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் ஆகவில்லை. தட்டை நக்கிவிட்டு, "பச்சைச் சோறு இன்னும் தாங்கோ" என்றாள். பயற்றுக்கு அவள் வைத்த பெயர் அது. வந்த நாளிலிருந்து முதல் முறையாக நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த கடலைப் பார்த்தேன்.

அவிக்காமல் மிஞ்சிய பயற்றை ஒரு தகர ரின்னில் போட்டுக் குசினி அலுமாரியில் வைத்திருந்தேன். மறுநாள் காலை பவளமக்கா எனக்கு உதவுகிறேன் என்று அதைக் கழுவ எடுத்திருந்தார். கை மணிக்கட்டுவரை பிட்டுக்குக் குழைத்த அமெரிக்கன் மா. மூடியைத் திறப்பதற்குள் நல்ல வேளையாக நான் எட்டிப் பறித்தேன். பறித்த பிறகு மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து அந்த ரின் என் கைப்பையை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பின்னேரம்தான் ரமணன் கல்கிசையில் தான் தங்கியிருந்த நண்பர் வீட்டிலிருந்து சுகந்தியைப் பார்க்க வந்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய மாமி ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறாராம். தாய் இல்லாத ரமணனை வளர்த்தவர் அந்த மாமிதான். போகாமல் முடியாது. ஆனால் விருந்து என்றால் வடை, பாயாசம், பிள்ளையின் கையில் யாராவது ஏதாவது திணிப்பார்கள்.

ரமணன் வீடு போய்ச் சேரும் நேரத்தில்தான் சாப்பாட்டு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்து, கீழே கொமியூனிகேஷன் கடைக்கு ஓடிப்போய் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர், "கெதியா அக்கா, எனக்கு லண்டன் கோல் வரப்போகுது" என்றார். அவசரத்தில் சொன்னேன்: "மாமியிட்டச் சொல்லிவிடுங்கோ, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. எங்களுக்குச் சுத்தம் முக்கியம். நான் வேற பாத்திரத்தில கொண்டு வருவன், அவ குறை நினைக்கக் கூடாது."

"சரி அக்கா, சொல்லிவிடுறன்" என்றார் ரமணன்.

ஞாயிறு காலை பயறும் சோறும் சமைத்து அலுமினியச் சட்டியில் போட்டு, துணியால் கட்டி, மட்டக்குளி பஸ்ஸில் ஏறினோம். ஓட்டோக்காரர்கள் கொட்டாஞ்சேனை என்றதும் வரமாட்டோம் என்று தலையை ஆட்டிவிட்டார்கள், வழியில் சோதனை அதிகமாம்.

சொன்னபடியே கோட்டைக்கு முன்னால் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒருவன் என் கடவுச்சீட்டைப் பார்த்தான், சுகந்தியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு துணியை அவிழ்க்கச் சொன்னான். சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பை முழுக்கப் பார்த்து, பயற்று ரின்னைக் குலுக்கினான். சத்தம் கேட்டதும் அவன் முகம் மாறியது. திறந்து காட்டினேன். "முங் அட்ட" என்றேன், பயறு என்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அது.

"ட்ரிப் எகக்த?" என்றான் சிரித்துக்கொண்டு. சுற்றுலாவா என்று கேட்கிறான். ஆரணி அவனைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

மறுபடி ஏறியபோது, துணியை நான் கட்டி முடிக்கும் முன்னரே பஸ் துள்ளிக் கிளம்பியது. சட்டி கையிலிருந்து போனது. சோறும் பயறும் பஸ் தரையில் பரவி, கடைசி இருக்கைவரை சிதறின. பின்னால் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி, "ஐயோ" என்று ஆரணியைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, காலால் ஒதுக்காமல் குனிந்து செய்தித்தாளால் கூட்டினாள். கொண்டக்டர் எங்களைத் திட்டவில்லை, டிரைவரைத்தான் இரண்டு வார்த்தை திட்டினார்.

ஆரணி வெறும் சட்டியைப் பார்த்தாள். "எனக்குப் பசிக்குது" என்றாள். அப்போது காலை பத்து மணி தாண்டியிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். சுகந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை.

மாமியின் வீடு கோவிலுக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் வரிசையில் இருந்தது. மாமியும் மாமாவும் வாசலில் நின்று வரவேற்றார்கள். மாமிக்கு ஐம்பத்தைந்து இருக்கும், கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை. ரமணன் வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். "வாங்கோ, இருங்கோ. நீங்கள் களைச்சுப்போனியள்." என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை நீங்கள் என்றே கூப்பிட்டார். குடிக்கச் சோடாப் போத்தல்கள் வந்தன. மூடி எங்கள் முன்னால்தான் திறக்கப்பட்டது. கிளாஸ் கொண்டுவரவில்லை, உறிஞ்சு குழல் வைத்திருந்தார்கள்.

ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது, என்னவென்று தெரியவில்லை. விருந்து வீட்டில் தாளித்த மணம் இல்லை. பாய் விரித்து வாழையிலை போட்டபோதுதான் புரியத் தொடங்கியது. மாமா வெளியிலிருந்து பார்சல்களைக் கொண்டுவந்து வைத்தார். சைவக் கடைச் சாப்பாடு. சோறு, சாம்பார், வடை, எல்லாம் தாளில் கட்டியபடி. மாமி தள்ளி நின்றார். பரிமாறவும் கிட்ட வரவில்லை.

"நீங்கள் சுத்தம் பாக்கிறனீங்கள், வேற பாத்திரத்திலதான் சாப்பிடுவியள் எண்டு ரமணன் தம்பி சொன்னவன்" என்றார். "அதுதான் ஐயர் கடையில எடுப்பிச்சனாங்கள். எங்கட குசினிப் பக்கம் ஒண்டும் கொண்டுபோகேல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

சுத்தம், வேறு பாத்திரம், வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கொமியூனிகேஷன் கடையில் என் வாயிலிருந்து வந்த சொற்கள்தான். நோர்வேயில் அவற்றை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், பாலர் பாடசாலையில், பிறந்தநாள் வீடுகளில். அங்கே அவை வெறும் சுகாதாரம். எங்கள் வீட்டிலிருந்து இவர்கள் வீட்டுக்குச் சொன்னால் அவற்றுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தன் வீட்டுக்கு வரும் மருமகளின் அக்காவுக்குத் தன் கையால் ஒரு வாய் சோறு போட முடியாது என்று இந்தப் பெண் மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைத்தும் எங்களைக் கூப்பிட்டதை மாற்றவில்லை.

இதற்குள் ஆரணி வடைக்குக் கை நீட்டினாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

மாமி அதைப் பார்த்தார். "கடைச் சாப்பாடும் ஆகாதோ பிள்ளை?" என்றார் மெதுவாக. பிறகு சுவரோரம் துணிக்குள் இருந்த வெறும் சட்டியைப் பார்த்தார். "சட்டியும் கொண்டுவந்திட்டியளோ."

"அது இல்லை மாமி. பிள்ளைக்கு வருத்தம். மா பட்டால்..."

"ஓம், ஓம். வருத்தம்தான்" என்றார். கோபமே இல்லாத குரல். வருத்தம், விரதம், இப்பத்தான் சாப்பிட்டு வந்தனாங்கள் என்று எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டு வாசலில் சொன்ன காரணங்கள் எத்தனையோ கேட்டவர். என்னுடையதும் அவற்றில் ஒன்று. மேலே விளக்க விளக்க நான் பொய் சொல்கிறவள் மாதிரியே எனக்குக் கேட்டது.

ஆரணிதான் பேசினாள். "நான் பவளமக்கா வீட்டில தோசை சாப்பிட்டுச் சத்தி எடுத்தனான்" என்றாள் மாமியிடம், பெரிய காரியம் செய்தவள் போல. "கட்டிலில எடுத்தனான். பிறகு படிக்கட்டிலயும் எடுத்தனான். மூண்டு படியில."

மாமி அவளைப் பார்த்தார். குச்சிக் கையைப் பார்த்தார். "ஏனடி செல்லம்?"

"அதுக்குள்ள அமெரிக்கா இருந்தது."

மாமாதான் முதலில் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. முழங்காலில் கை வைத்துக் குனிந்து, "இப்ப என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை. பச்சைச் சோறு பஸ்ஸில கொட்டுப்பட்டுது."

நான் கைப்பையிலிருந்து ரின்னை எடுத்தேன். கொண்டு வந்த சட்டியைக் கழுவி அதிலேயே சமைக்கலாம், அதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்தச் சட்டியோடு இந்த வீட்டுக் குசினிக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. இங்குள்ள பாத்திரத்தில் என்னென்ன பட்டிருக்கும் என்றும் தெரியாது. ஆரணிக்கு இன்னொரு தடவை வந்தால் தாங்குவாளா? எது சரி என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"மாமி, உங்கட குசினிக்குள்ள நான் வரட்டோ? உங்கட சட்டி ஒண்டு தாறீங்களோ?"

அவர் என் கையிலிருந்த ரின்னைப் பார்த்தார். பிறகு விலகி வழி விட்டார்.

குசினிக் கதவைத் திறந்ததும் மணம் வந்தது. மீன் குழம்பு, கத்தரிக்காய், முருங்கையிலை. தங்கள் வீட்டாருக்கென்று சமைத்து மூடி, கதவையும் சாத்தி வைத்திருந்திருக்கிறார். பிள்ளையின் நோயை அங்கே வைத்து, நடுவில் பரபரப்பில்லாமல், முதல் தடவையாக ஒழுங்காகச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே சுவரின் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே பளபளப்பான சட்டி. "தம்பி கனடாவிலயிருந்து கொண்டுவந்தவன். இன்னும் அடுப்பில வைக்கேல்லை."

பயற்றைக் கழுவினேன். மாமி ஒரு கரண்டியை எடுத்தார், உடனே திருப்பி வைத்தார். "இது காலமை ரொட்டி மாவில பட்டது." வேறு ஒன்றை எடுத்து வெந்நீரில் கழுவினார். உப்புப் போடக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். "உப்புக்குள்ளயும் நான் மாக்கையைப் போட்டிருப்பன்." வாசலுக்குப் போய், "இஞ்சாருங்கோ, ஒரு புது உப்புப் பைக்கற் வாங்கியாங்கோ" என்று மாமாவை அனுப்பினார்.

பயறு வேகும்வரை நானும் சுகந்தியும் குசினியில் பலகை போட்டு உட்கார்ந்தோம். "மாமி, அந்த மீன் குழம்பில எங்களுக்குப் போடுங்கோ" என்றேன்.

"கடைச் சாப்பாடு?"

"அது ஆருக்கு வேணும்?"

மாமி தட்டு எடுத்தார். இரண்டு முறை சோறு போட்டார், மூன்றாம் முறை கேட்காமலே போட்டார். மீனில் தலையைச் சுகந்திக்கு வைத்தார். பிந்தி வந்து சேர்ந்த ரமணன் ஒன்றும் விளங்காமல் முன்னறையில் தனியே ஆறிப்போன சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். "சொன்னதை ஒழுங்காச் சொல்லாதவருக்கு அதுதான்" என்றாள் சுகந்தி, அவருக்குக் கேட்கும்படியாக. சொன்னதை அவர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஆரணி மாமியின் மடியில் இருந்து பச்சைச் சோறு சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். அடுத்த நாள் காலை அவளுக்கு முன்னரே விழித்து அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தேன். கண் திறந்ததும், "கொட்டாஞ்சேனைக்கு எப்ப போறம்?" என்றாள்.

எழுத்து அடுத்த கிழமை, பவளமக்கா வீட்டு முன்னறையில் நடந்தது. பதிவாளர் வரும் முன் விமான நிலையத்து வான் வண்டி வந்து தொலைந்த பெட்டியை இறக்கிப் போனது. சோதனையில் மாப்பொதிகளைக் கத்தியால் கீறிப் பார்த்திருக்கிறார்கள். என் உடுப்பு, ஆரணியின் சப்பாத்து, சுகந்திக்கு வாங்கிய சேலை எல்லாவற்றிலும் வெள்ளை மா. பாண் பச்சை பூத்திருந்தது.

"கொண்டுவந்ததில சேலைதான் மாவில குளிச்சிருக்கு" என்றாள் சுகந்தி, உதறிக்கொண்டே.

மாமா கையில் தாம்பாளத்தோடு படியேறினார். மாமி பின்னால் வந்தார். அவர் கையில் துணியால் மூடிக் கட்டிய பளபளப்பான சட்டி. கட்டுக்குள் ஒரு கரண்டியும் செருகியிருந்தது. பவளமக்கா பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் அதை வைக்கக் கை நீட்டினார். மாமி கொடுக்கவில்லை, தானே ஓர் ஓரமாகத் தனியே வைத்தார்.

"அது பிள்ளையின்ட சட்டி. வேறயா இருக்கட்டும். என்ட வீட்டிலயும் தனித் தட்டிலதான் வைச்சிருக்கிறன், ஒருத்தரும் தொடுறேல்லை." என்னிடம் திரும்பினார். "எங்களுக்குத்தான் எல்லாரும் வேற பேணி வைச்சவை. இப்ப நான் ஒரு ஆளுக்கு வைச்சிருக்கிறன்."

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார், ஆகவே நானும் சிரித்தேன். என் கண் நிறைந்தது, அதை மறைக்கச் சட்டியின் பக்கம் குனிந்தேன். குனிந்ததும் கை பழக்கத்தில் துணியை அவிழ்த்துவிட்டது. கரண்டியால் பயற்றைக் கிளறி, ஓரத்திலும் அடியிலும் பார்த்தேன். பாதியில்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மாமி பக்கத்தில் தன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டிக்கு மேல் என்னோடு சேர்ந்து குனிந்தார்.

"பாரடி பிள்ளை, நல்லாப் பார்" என்றார். "நானும் ரெண்டு தரம் பாத்தனான்."